பீர்க்கங்காய் காய்த்த வலைக்கொம்பு

பணி அனுபவம் எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு முப்பத்து மூன்று வயது. மீன்வளத் துறை அதிகாரியாக ஒன்பது ஆண்டுகள் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் அலைந்துவிட்டு, அடுத்த மாதம் பயிற்சிப் பிரிவுக்கு மாறுகிறேன். என் ஜீப்பும் சாவிக்கொத்தும் கோப்புகளும் வேறொருவர் கைக்குப் போகின்றன. களத்தைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்களில் பலர், என்னைப் போலவே, கடலைப் பார்த்தபடி நான்கு ஆண்டுகள் மீன்வளம் படித்துவிட்டுக் கடலே இல்லாத ஊரில் வேலைக்குச் சேரப் போகிறவர்கள். நீரின் தரம், மீன்குஞ்சு இருப்பு, தீவனம், நோய் இவையெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏரியில் மீன் யாருடையது என்று இரண்டு ஊர்கள் அடித்துக்கொள்ளும்போது, நடுவில் ஒரு பேனாவோடு நீங்கள் நிற்பீர்கள். அந்தப் பேனாவால் நான் செய்த தவறு ஒன்றையும், அது எப்படித் திருந்தியது என்பதையும் சொல்கிறேன். பேசியவர்கள் பெரும்பாலும் தெலுங்கில் பேசினார்கள். நான் நம் மொழியில் எழுதுகிறேன்.

உப்பல் பகுதியைத் தாண்டிக் கிழக்கே போனால் ஒரு பெரிய ஏரி. பெயர் வேண்டாம். கரைமேல் ஓர் ஊர், ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் மேல்பக்கத்தில் ஒரு குடியிருப்பு. கரை ஊரில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. வீச்சு வலை அவர்களுடைய பெருமை. தோளில் வலையைப் போட்டுக்கொண்டு ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டால் தண்ணீரில் தட்டுப் போல வட்டமாக விழும். மேல்பக்கத்துக்காரர்கள் ஒரு தலைமுறைக்கு முன் கல்குவாரி வேலைக்கு வந்தவர்கள். குவாரி மூடியபின் ஏரியில் இறங்கினார்கள். தெர்மோகோல் பலகைகளைச் சாக்கில் கட்டி மிதவையாக்கி, அதில் உட்கார்ந்து, மாலையில் செவுள் வலையை நீரில் நீளமாகக் கட்டிவிட்டு விடியற்காலையில் தூக்குவார்கள். சங்கத்தின் கணக்கில் இவர்கள் மீன் திருடர்கள். இவர்கள் கணக்கில் சங்கம், மீன் பிடிக்காமல் உரிமை மட்டும் கொண்டாடுகிற கூட்டம். வருடத்துக்கு இரண்டு முறையாவது வலை அறுபடும், ஒருமுறை மண்டையும் உடைந்தது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து புது விதி வந்தது. ஏரியைச் சுற்றி வாழும், மீன்பிடித் திறமை உள்ள யாரும் சங்கத்தில் சேரலாம். திறமையைத் தேர்வு வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு புதுக் குஞ்சு விட்டதும், உறுப்பினர் அட்டை இல்லாதவர் வலை நீரில் இறங்கக் கூடாது. இறங்கினால் பறிமுதல். தேர்வை நடத்தும் பொறுப்பு என்னுடையது, சாட்சிக் கையெழுத்து கூட்டுறவுத் துறை ஆய்வாளருடையது.

எனக்குப் பட்டியல் போடப் பிடிக்கும். ஏ.எஸ்.ராவ் நகரில் வளர்ந்தவள். எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்த அப்பா, நாங்கள் சுற்றுலா போனால்கூட வீட்டைப் பூட்டுவதற்கு ஒன்பது வரிப் பட்டியல் வைத்திருப்பார். நானும் ஒரு தாள் தயாரித்தேன். நீச்சலுக்கு முப்பது, வலை வீச்சுக்கு ஐம்பது, கிழிந்த வலையைப் பழுது பார்ப்பதற்கு இருபது. தேர்ச்சிக்கு அறுபது. வீச்சு ஐம்பதையும் நான்காகப் பிரித்தேன்: நிற்கும் நிலை, தூரம், வட்டம், இழுத்துச் சுருட்டும் விதம். யார் பார்த்தாலும் ஒரே மதிப்பெண்தான் வரும். சிபாரிசுக்கு இடமே இல்லை. அந்தத் தாளைப் பார்த்து நானே மகிழ்ந்தேன்.

வீச்சுக்கு ஏன் ஐம்பது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. வட்டத்தை அளப்பது எளிது.

தேர்வு நாளில் கரைமேல் ஷாமியானா, நாற்காலிகள், டீ கேன். திருவிழாக் கூட்டம். சங்கத் தலைவர் மல்லையா வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். இன்னமும் தினமும் ஏரியில் இறங்குகிற தலைவர்; அந்த ஊரில் அப்படி மிச்சமிருந்த ஐந்தாறு பேரில் ஒருவர். கரை ஊரிலிருந்து முப்பத்தொரு இளைஞர்கள், மேல்பக்கத்திலிருந்து இருபத்து நான்கு பேர். அந்த இருபத்து நான்கில் ஒரே ஒரு பெண், எல்லம்மா.

எல்லம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். குவாரியில் தோள் உடைந்த கணவரால் மிதவையில் ஏற முடியாது. அவர் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைக் கழற்றித் தருவார். வலை கட்டுவதும் தூக்குவதும் இவர். விண்ணப்பத்தில் கணவர் பெயருக்கான இடத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, விண்ணப்பதாரர் பெயரில் தன் பெயரை எழுதியிருந்தார். சங்கத்தில் அதுவரை பெண் கிடையாது.

கரை ஊர் இளைஞர்கள் ஒவ்வொருவராக வீசினார்கள். உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. மல்லையாவின் மகன் வீசியபோது வலை ஒரு நொடி காற்றில் நின்றது போலிருந்தது. கூட்டம் விசிலடித்தது. மல்லையா துண்டால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு போட்டேன்.

அடுத்து மேல்பக்கம். வீச்சு வலையைத் தோளில் எப்படிப் போடுவது என்றே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. ஒருவர் வலை வாழைக்காய் போல நீளமாக விழுந்தது. இன்னொருவர் வலையோடு தானும் விழுந்தார். கரையிலிருந்து, "டேய், வீட்டுல போர்வைய மடிக்கிற மாதிரியே வீசுறான்டா" என்று ஒரு குரல். எல்லம்மா வீசியது மூட்டையாகப் போய் விழுந்தது. நான்கு மதிப்பெண். நீச்சலில் அவருக்கு இருபத்தெட்டு கொடுத்திருந்தேன். பழுது பார்ப்பதில், நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் முடித்துவிட்டார். இருபதுக்கு இருபது. மொத்தம் ஐம்பத்திரண்டு. எட்டு குறைந்தது.

ஈரப் புடவையோடு மேசை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், என் வலைய நான் கட்டிக் காட்டுறேன். அஞ்சு நிமிஷம்."

"அது தேர்வுத் தாள்ல இல்லம்மா" என்றேன்.

"உங்க தாள்ல இல்ல மேடம். ஏரியில இருக்கு."

ஆய்வாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நானும் தாளைத் திருப்பினேன். ஒன்பது ஆண்டுகளில் நான் செய்த தவறுகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் முதல் இடம் இந்தத் தாளைத் திருப்பியதற்குத்தான்.

கரை ஊரில் இருபத்தொன்பது பேர் தேர்ச்சி. மேல்பக்கத்தில் இரண்டு பேர். முடிவை ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீப்பில் ஏறும்போது எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. விதிப்படி நடந்தது, தாள்கள் சுத்தமாக இருந்தன.

எங்கள் ஓட்டுநர் பீட்டர் அண்ணா செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த தமிழர். அவருடைய தமிழில் பாதி ஹைதராபாத் உருதுவான தக்கனி. அன்று அவர் வண்டியை எடுக்காமல், கரையோரம் நின்ற மோட்டார் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணா, போலாமா?"

"இருங்க மேடம். இந்த டிபார்ட்மெண்ட்ல இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். மீன்காரன் பைக்கு எப்டி இருக்கும்னு தெரியும். காலையிலருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். ஒரு பைக்லயும் மீன் வாசம் நை, இல்லவே இல்ல."

நானும் பார்த்தேன். இரண்டில் சாப்பாடு விநியோகிக்கும் பைகள். ஒன்றின் கண்ணாடியில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. பல உப்பல் தொழிற்பேட்டைக்குப் போய்வருகிறவர்களுடையவை. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சிறுவயதில் விடுமுறைகளில் அப்பாவிடம் கற்ற வீச்சு, மிதிவண்டி ஓட்டுவது போல, மறக்காமல் இருந்தது. உறுப்பினர் அட்டை இருந்தால் மானிய வண்டி, காப்பீடு, கிடைப்பது நல்லதுதானே என்று வந்தவர்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை. நான் கேட்டதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

"ஏன் அண்ணா காலையிலயே சொல்லல?"

"கேட்டீங்களா மேடம்?"

மறுநாள் விடியற்காலையில் நேராக மேல்பக்கம் போனேன். ஏரியில் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடுவது என் திட்டம். இங்கே இரண்டாவது தவறு. துறை ஜீப்பில் போனேன். விளக்கு வெளிச்சம் தண்ணீரில் பட்டதுமே மிதவைகள் கலைந்தன. பறிமுதல் செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் வலையை அறுத்துவிட்டே நாணலுக்குள் போனார்கள். நான் எண்ண வந்தது என் கண்ணெதிரே காலியானது. அறுத்துவிட்ட வலைகளும் என் கணக்கில்தான் சேரும்.

ஒரே ஒரு மிதவை மட்டும் நகரவில்லை. எல்லம்மா. வலையைத் தூக்கி மடியில் போட்டபடியே கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் கணவர் அவசரமாக எழுந்து நின்று, நல்ல கையால் எனக்கு வணக்கம் வைத்தார்.

"நீங்க ஏம்மா ஓடல?" என்று கேட்டேன்.

"ஓடினா வலை போயிடும். வலை போனா அப்புறம் எதுக்கு ஓடணும்?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நானும் எட்டு மார்க் தேடித்தான் இறங்கினேன் மேடம். கெண்டைதான் கிடைச்சுது" என்றார்.

அவர் கணவர் பதறி அவர் முழங்கையைத் தொட்டார். நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார்.

நாணலுக்குள் போனவர்கள் மெதுவாகத் திரும்பி வந்தார்கள். பறிமுதல் இல்லை என்பதை பீட்டர் அண்ணா உருதுவிலும் தெலுங்கிலுமாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்தபின் பார்த்தால், பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டாகக் கவைக்கொம்புகள் நட்டிருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வலை காய்ந்தது. எல்லம்மா தன் வலையைத் தூரத்திலிருந்த கொம்புகளுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பக்கத்திலேயே ஒரு ஜோடி காலியாக இருந்தது. இதிலேயே போடலாமே என்றேன்.

"அது ராமுலுது. மத்தவங்க தொடக் கூடாது. அவன் மேஸ்திரி வேலைக்குப் போயிருக்கான். இந்த மழை முடியிறதுக்குள்ள வந்து வலை போட்டா அவன் இடம். இல்லன்னா பிடுங்கி வேற ஆளுக்குக் கொடுத்துருவோம்."

"யார் போட்ட சட்டம் இது?"

"எங்க சட்டம் இல்ல மேடம். கரை ஊர்க்காரங்க சட்டம். எங்க மாமனார் அவங்கள பார்த்துக் கத்துக்கிட்டார். கொம்பு இருந்தா ஏரி இருக்குன்னு சொல்வாங்க. இப்ப அவங்களே மறந்துட்டாங்களோ என்னவோ."

இருபத்து நான்கு விண்ணப்பங்களையும் கையில் வைத்துக்கொண்டு கொம்பு கொம்பாக நடந்தேன். பத்தொன்பது பேருக்குச் சொந்தக் கொம்பு இருந்தது, செதில் ஒட்டிய நிலையில். ராமுலு உட்பட ஐந்து பேருக்கு நடைமுறையில் ஏரியே இல்லை. அவர்களும் மானிய வண்டிக்காகத்தான் விண்ணப்பித்திருந்தார்கள். ஏழைகள் பக்கம் எல்லாமே உண்மையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அதையும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டால் எல்லம்மாவும் அவரைப் போன்றவர்களும் மழைக்குப் பிறகு ஏரியில் இறங்க முடியாது. தேர்வை ரத்து செய்தால் சங்கம் நீதிமன்றத்துக்குப் போகும்; போனால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும், ஏனென்றால் விதியை நடுவில் மாற்றியவள் நானாக இருப்பேன். எல்லம்மாவுக்கு மட்டும் எட்டு மதிப்பெண் கூட்டிப் போட்டால் அது கருணை. மறுநாளே எவனாவது அதே கருணையைத் தன் மருமகனுக்குக் கேட்பான். இதற்குள் உள்ளூர் அரசியல் புள்ளிகள் இரண்டு பேர் தொலைபேசியில் நலம் விசாரித்துவிட்டார்கள். முடிவு எப்போது வரும் என்பதையும் சேர்த்து.

என் மேலதிகாரியை அழைத்தேன். பெயர் சொன்னால் திட்டுவார். அப்போது அவர் மகன் பள்ளியில், பெற்றோர் கூட்டத்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"தப்பு யாருது?" என்றார்.

"என்னுதுதான் மேடம். தாள் நான் போட்டது."

"அத ஃபைல்ல எழுதப் போறியா?"

"ஆமா."

"எழுது. ஆனா அதுக்கு அடுத்த வரியில என்ன பண்ணணும்னும் எழுதிரு. வெறும் தப்ப மட்டும் எழுதினா உன்ன மாத்துவாங்க, தேர்வ மாத்த மாட்டாங்க. என் டர்ன் வந்துருச்சு, வைக்கிறேன்."

அடுத்த வரியில் என்ன எழுதுவது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை நான் எழுதினால் என் இரண்டாவது தாள் ஆகும். முதல் தாளின் கதி அதற்கும் வரும். அந்த வரி சங்கத்திடமிருந்து வர வேண்டும்.

மல்லையாவைத் தேடிக் கரைக்குப் போனேன். இந்தமுறை ஜீப்பைச் சாலையிலேயே விட்டுவிட்டோம். அவர் என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். முடிவு அனுப்பியாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை, கரையில் கொஞ்சம் நடக்கலாமா, உங்கள் கொம்புகளைப் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் மாறியது. ஆனாலும் எழுந்து வந்தார்.

கரையின் உட்சரிவில், அவர் அப்பா காலத்திலிருந்தே குடும்பத்துக்கொரு ஜோடி. முதல் ஜோடி அவருடையது. வலை காய்ந்துகொண்டிருந்தது. அடுத்து மூன்று பெரியவர்களுடையவை, சுத்தமாக. அதற்கப்புறம் புல். ஒரு ஜோடியில் கட்சிக் கொடி கட்டியிருந்தார்கள். ஒன்றில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள். அவரே ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். இவன் கம்பெனியில், இவன் ஆட்டோ, இவன் துபாய். குரல் போகப் போக இறங்கியது.

ஒரு ஜோடியின் முன்னால் நின்றுவிட்டார். கொம்பு தெரியாமல் பீர்க்கங்கொடி படர்ந்திருந்தது. நடுவில் முழ நீளத்துக்கு ஒரு காய் தொங்கியது.

"இது யாருது?" என்று பீட்டர் அண்ணா கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

மல்லையா அந்தக் காயைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"என் பையனுது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அவன் வீசினதைப் பார்த்தீங்கல்ல மேடம்? எங்கப்பா கை அது. அப்படியே எங்கப்பா கை. அத நான் திருடல."

"இல்ல சார். நாற்பத்தெட்டு நான்தான் போட்டேன். இப்பவும் போடுவேன்."

"அப்புறம் எதுக்கு என்ன இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"உங்க ஊர்ச் சட்டம் மேல்பக்கத்துல இன்னும் நடக்குது சார். அத உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு." ராமுலுவின் காலிக் கொம்பைப் பற்றிச் சொன்னேன். எல்லம்மா அதைத் தொடாமல் தூரத்துக்கு வலையைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன்.

அவர் சிரித்தது எனக்குப் புதிராக இருந்தது. "திருடனுங்கன்னு நெனச்சேன். எங்க சட்டத்தையும் சேர்த்துத் திருடிட்டுப் போயிருக்கானுங்க" என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து கொடியை விலக்கிக் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். அடி உளுத்திருந்தது. பிடுங்குவார் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. காயை மட்டும் பறித்து பீட்டர் அண்ணா கையில் கொடுத்தார். நல்ல காய், வீணாகப் போகக் கூடாது என்றார்.

அந்த வார இறுதியில் சங்கக் கூட்டம். நான் உள்ளே போகவில்லை. அது அவர்கள் கூட்டம். வெளியே வேப்பமரத்தடியில் ஆய்வாளரோடு நின்றேன். இரண்டு மணி நேரம் கத்தல். உன் மகன் பெயரை முதலில் எடு, பிறகு எங்களிடம் பேசு என்று ஒருவர் கூவியது வெளியே கேட்டது. எடுத்தாச்சு என்று மல்லையா பதில் சொன்னதும் கேட்டது. அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. பெரியவர்கள் மூவரும் அவர் பக்கம் பேசினார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஏரிக்கு வருகிறவர்கள் குறைந்துபோய், குஞ்சு விடும் நாளில் டப்பா தூக்கக்கூட ஆள் இல்லாமல் தாங்கள் திணறுவதை அவர்கள் சொன்னார்களாம்.

தீர்மானம் ஒரு பக்கம்தான். உறுப்பினர் ஆக விரும்புகிறவருக்கு ஏரிக்கரையில் எந்தப் பக்கத்திலாவது சொந்தக் கொம்பு இருக்க வேண்டும், ஒரு மழைக்காலம் முழுதும் அது காலியாக இருக்கக் கூடாது. திறமையைத் தன் வலையிலேயே காட்டலாம், எந்த வலையானாலும். வெளியே வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெயர் தனி ஏட்டில் இருக்கும். கோயில் விழாவில் பங்கு உண்டு, மீனில் இல்லை. திரும்பி வந்து கொம்பு நட்டால் மறுபடியும் பங்கு.

நான் கோப்பில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரி: நான் வடிவமைத்த தேர்வு வலை வீச்சை மட்டுமே அளந்தது, மீன்பிடித் தொழிலை அளக்கவில்லை. இரண்டாவது வரி: சங்கத்தின் தீர்மானப்படி மறுதேர்வு நடத்தப் பரிந்துரைக்கிறேன். ஆய்வாளர் முதல் வரியைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு, கீழ நான் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார். இரண்டாவது வரிக்குக் கீழே போடுங்கள் என்றேன். போட்டார்.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். நானே வடிவமைத்த தேர்வை நானே குறை சொல்வது ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பதில் எழுதினேன், அது இன்னும் என் கோப்பில் இருக்கிறது. வட்டமாக வீசித் தேர்ச்சி பெற்ற ஒருவர் வழக்குப் போட்டார், அது நடக்கிறது. மேல்பக்கத்து ராமுலு என்னைப் பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு முடிவு சரியாக இருந்தது என்பதற்கு எல்லாரும் கைதட்டுவது அடையாளம் இல்லை என்று அப்போது கற்றுக்கொண்டேன்.

மறுதேர்வில் எல்லம்மா தன் வலையைக் கட்டிக் காட்டினார். ஐந்து நிமிடம் என்று சொன்னவர், நான்கில் முடித்தார். நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது, மேடமும் ஒருமுறை மிதவையில் ஏறிப் பார்க்கட்டுமே என்று யாரோ சொல்ல, ஏறினேன். இரண்டு முழம் வலை விடுவதற்குள் தெர்மோகோல் ஒரு பக்கம் சாய்ந்து இடுப்புவரை நனைந்தேன். மல்லையா கரையிலிருந்து, "எத்தனை மார்க்கும்மா?" என்று கேட்டார். எல்லம்மா என்னைக் கைகொடுத்துத் தூக்கியபடி, நீச்சலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பட்டியல் எழுதித் தர முயன்றேன். நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். ஒன்று மட்டும் நிற்கிறது. எளிதாக அளக்கக் கூடியதைத்தான் முதலில் அளப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான். அளந்து முடித்ததும் பேனாவை மூடுவதற்கு முன், வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேளுங்கள்.

மழை முடிந்து, குஞ்சு வளர்ந்து, ஏரி திறந்தபின் ஒரு நாள் விடியற்காலையில் மறுபடியும் மேல்பக்கம் போனேன். துறை ஜீப்பில்தான். சாலையில் நிறுத்திவிடலாமா என்று பீட்டர் அண்ணா கேட்டார். வேண்டாம், இறங்குங்கள் என்றேன். விளக்கு வெளிச்சம் பனிக்குள் புகுந்து தண்ணீரில் பட்டது. பதினேழு மிதவைகள் இருந்தன, எண்ணினேன். ஒன்றும் அசையவில்லை. ஒருவர் மட்டும் தலையைத் திருப்பி, கண் கூசியதால் கையால் மறைத்து, விளக்கை அணையுங்கள் என்று திட்டினார். நடுவே எல்லம்மா. ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் வலையைத் தூக்கத் தொடங்கினார். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, புதுச் சங்கிலி வாங்கியவள் போல, கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

பீட்டர் அண்ணா வீட்டுக்கென்று விலை கொடுத்து இரண்டு கெண்டை வாங்கிப் பையில் போட்டுப் பின்னிருக்கைக்குக் கீழே வைத்தார். சைனிக்புரி திருப்பத்தில் பை சாய்ந்து, நீர் முழுக்க வண்டிக்குள் கொட்டியது. ஜன்னலைத் திறந்துவிட்டும் மீன் வாசம் போகவில்லை. நான் முகத்தைச் சுளித்தேன்.

"விடுங்க மேடம்" என்றார் அவர், கியரை மாற்றியபடி. "இருபது வருஷம் கழிச்சு இன்னைக்குதான் நம்ம வண்டி பாஸ் ஆயிருக்கு."